கோடஸ்பெர்க்கின் நீரும் அம்மாவின் குளியலறையும்

(நேரலையில் ஆற்றிய உரையின் கட்டுரை வடிவம்)

பானில் இப்போது மாலை ஐந்து மணி. யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் இருட்டிவிட்டிருக்கும். இரவுச் சாப்பாட்டைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு இணைந்திருக்கும் எல்லோருக்கும் நன்றி.

நான் வாழும் ஊரின் வரலாற்றைப் பற்றிப் பேசும்படிதான் அழைத்தார்கள். பான் என்றால் பேத்தோவன் பிறந்த ஊர் என்பது பலருக்குத் தெரியும். நாற்பது ஆண்டு காலம் மேற்கு ஜேர்மனியின் தலைநகராக இருந்த ஊர் என்பதும் தெரியும். அவை இரண்டும் இந்த உரையில் வந்து போகும். ஆனால் நான் எடுத்துக்கொண்ட தலைப்பு குளியலறை. அதிலும் முதியவர்கள் குளிக்கும் அறை. இலக்கியக் கூட்டத்தில் குளியலறைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

என் அம்மாவுக்கு 81 வயது. பானின் தெற்கே பாட் கோடஸ்பெர்க் என்ற பகுதியில், 1960களில் கட்டப்பட்ட மாடிக் குடியிருப்பு ஒன்றில் தனியாக இருக்கிறார். நான் இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். போன மாரிகாலத்தில் ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனபோது, குளியலறையில் தொங்கிய துவாய் காய்ந்து விறைத்துக் கிடந்தது. "தோய்ஞ்சிட்டீங்களோ அம்மா?" என்று கேட்டேன். "ஓமடா, விடியவே தோய்ஞ்சிட்டன்" என்றார். அடுத்த நாளும் துவாய் அப்படியேதான் இருந்தது. மூன்றாவது நாளும் அப்படித்தான்.

உண்மை மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. ஒரு மாதத்துக்கு முன்னர் குளியல் தொட்டிக்குள் இறங்கும்போது, ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயும் இருந்த நேரத்தில் வழுக்கியிருக்கிறது. எலும்பு முறியவில்லை. தொடையில் பெரிய கண்டல் மட்டும். அன்றிலிருந்து கை கழுவும் தொட்டியடியில் நின்று ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உனக்குச் சொன்னால் என்னை முதியோர் இல்லத்தில கொண்டுபோய் விட்டிடுவாய் எண்டு பயமாக் கிடந்தது" என்றார்.

அந்தப் பதில் என்னை உலுக்கியது. அம்மா பயந்தது தண்ணீருக்கும் இல்லை, தொட்டிக்கும் இல்லை. ஓர் அறையைப் பயன்படுத்த முடியவில்லை என்று தெரிந்தால் முழு வீட்டையும் இழக்க வேண்டி வரும் என்றுதான் பயந்திருக்கிறார். இந்த அறைக்கு இவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன். அந்தத் தேடல்தான் இன்றைய பேச்சு.

முதலில் ஒரு சொல். ஜேர்மன் மொழியில் 'பாட்' என்றால் குளிப்பு. வீட்டுக் குளியலறைக்கும் அதே சொல்தான். மருத்துவ குணமுள்ள ஊற்று நீரால் பெயர்பெற்ற ஊர்கள் தங்கள் பெயருக்கு முன்னால் பட்டம்போல் சூடிக்கொள்வதும் அதே சொல்லைத்தான். பாட் எம்ஸ், பாட் கிஸ்ஸிங்கன், பாட் கோடஸ்பெர்க். உலகம் முழுவதும் இன்று புழங்கும் 'ஸ்பா' என்ற சொல்லும் எங்கள் அயலில் பிறந்ததுதான். ஸ்பா என்பது பானுக்கு மேற்கே பெல்ஜியத்தில் இருக்கும் ஊற்று நீர் நகரம். கடைகளில் கிடைக்கும் வண்ணப் புத்தகங்கள் 'உங்கள் குளியலறையை ஸ்பா ஆக்குங்கள்' என்று சொல்லும்போது, ஒரே சொல்லுக்குள் முன்பே இருந்த இரண்டு பொருள்களைத் திரும்ப ஒட்டப் பார்க்கிறார்கள். அப்படியானால் அவை எப்போது பிரிந்தன?

ரோமர் காலத்தில் அவை ஒன்றாகத்தான் இருந்தன. ரைன் ஆற்றங்கரையில் இருந்த பான், ரோமப் பேரரசின் எல்லைப் படை முகாம். முதலாம் மினெர்வியா என்ற படையணி இங்கே நிலைகொண்டிருந்தது. 16ஆம் நூற்றாண்டில் கோடஸ்பெர்க் குன்றின் கோட்டையில் ஒரு பலிபீடக் கல் கிடைத்தது. அந்தப் படையணியின் தளபதி ஒருவர், கி.பி. 200ஐ ஒட்டி, மருத்துவக் கடவுள் அஸ்குலாபியஸுக்கும் நலத்தின் தெய்வமான ஹைஜியாவுக்கும் எடுத்த கல் அது. சுகாதாரத்தைக் குறிக்க ஆங்கிலத்திலும் ஜேர்மனிலும் வழங்கும் சொல் இந்த ஹைஜியாவின் பெயரிலிருந்து வந்ததுதான். அம்மாவின் சமையலறை யன்னலில் நின்று பார்த்தால் அந்தக் கோட்டையின் கோபுரம் தெரியும்.

2006இல் பானின் முன்னைய அரசாங்கப் பகுதியில் மாநாட்டு மண்டபம் கட்டத் தோண்டியபோது ரோமக் குளியல் வீடு ஒன்றின் எச்சங்கள் வெளிப்பட்டன. ரோமக் குளியல் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புபவர்கள் பானிலிருந்து அதிக தூரமில்லாத சுல்பிச் என்ற சிற்றூருக்குப் போகலாம். அங்கே குளியல் வீட்டின் அடித்தளத்தைச் சுற்றியே 2008இல் குளியல் பண்பாட்டு அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்திருக்கிறார்கள். தரையைச் சிறு தூண்கள்மேல் உயர்த்தி, அடியில் உலையின் சூடான காற்றை ஓடவிட்டிருக்கிறார்கள். வெறுங்காலை வைத்தால் தரை சுடும் அளவுக்குச் சூடேறும் என்பதால் மரச் செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். உடம்புக்கு எண்ணெய் பூசி, வளைந்த உலோகத் தகட்டால் வழித்தெடுத்தார்கள். எண்ணெய் வைத்து முழுகும் எங்களுக்கு இது அந்நியமாகத் தெரியவில்லை. சீயாக்காய் மட்டும்தான் குறை.

ரோமரின் குளிப்பில் மூன்று விடயங்கள் சேர்ந்திருந்ததைக் கவனியுங்கள். சூடு, உடம்பு தேய்க்க இன்னொருவர் கை, பேச்சுத்துணை. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு திரும்பி வருவேன்.

மத்திய காலத்து ஜேர்மன் நகரங்களிலும் பொதுக் குளியல் வீடுகள் இருந்தன. குளிப்பாட்டுபவரே முடி வெட்டுவார், இரத்தம் குத்தி எடுப்பார். கொள்ளைநோயும், பின்னர் மேகநோயும், விறகின் விலையும் அந்த வீடுகளை ஒவ்வொன்றாக மூடின. தண்ணீர் உடம்புக்குள் நோயைக் கொண்டுபோகும் என்று மருத்துவர்களே சொன்ன காலம் வந்தது.

தண்ணீருக்கு மீண்டும் மதிப்பு வந்தபோது அது அரண்மனை வழியாக வந்தது. 1784இல் கொலோன் தேர்வரசராகப் பதவியேற்று பானில் இருந்து ஆண்டவர் மக்ஸ் பிரான்ஸ். ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவின் கடைசி மகன். இளம் பேத்தோவனுக்குச் சம்பளம் கொடுத்த அரசர் இவர்தான். கோடஸ்பெர்க்கில் திராய்ச் என்ற ஊற்று உண்டு. இரும்புச் சத்தும் கரியமிலவாயுவும் கலந்த புளிப்பு நீர். 1790இல் அந்த ஊற்றைக் கட்டிச் சீராக்கினார். நீர்ச் சிகிச்சைக்கு வருபவர்கள் பொழுதுபோக்க அருகிலேயே றெடூட் என்ற ஆடல் மண்டபத்தை எழுப்பினார். 1792இல் ஹைடனும் பேத்தோவனும் அங்கேதான் சந்தித்தார்கள் என்று சொல்லப்படுகிறது. அந்த மண்டபம் இன்றும் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஆயுள் குறைவு. 1794இல் பிரெஞ்சுப் படை பானுக்குள் வந்தது. அரசர் ஓடினார். விருந்தினரும் போனார்கள். ஊற்று மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

அரசர் கட்டிய அந்தக் குளிப்பில் தோட்டக்காரனுக்கோ சலவைக்காரிக்கோ இடமில்லை. அவர்களுக்குத் தண்ணீர் 19ஆம் நூற்றாண்டில் வேறு வழியாக வந்தது. பானின் நீரேற்று நிலையம் 1875இல் ரைன் கரையில் கட்டப்பட்டது. அந்தக் கட்டடத்துக்கு ஒரு வேடிக்கையான பின்கதை உண்டு. பழைய நாடாளுமன்ற மண்டபத்தை இடித்துப் புதிதாகக் கட்டிய காலத்தில், 1986 முதல் 1992 வரை, ஜேர்மன் நாடாளுமன்றம் இந்தப் பழைய நீரேற்று நிலையத்தில்தான் கூடியது. 1883இல் பெர்லினில் நடந்த சுகாதாரக் கண்காட்சியில் ஒஸ்கார் லசார் என்ற தோல் மருத்துவர் தகரத்தால் ஆன ஷவர்க் கூடம் ஒன்றை நிறுத்திக் காட்டினார். ஒவ்வொரு ஜேர்மானியருக்கும் கிழமைக்கு ஒரு குளிப்பாவது வேண்டும் என்பது அவருடைய முழக்கம். பவேரியாவில் செபாஸ்டியன் க்னைப் என்ற பாதிரியார் குளிர்நீரை ஊற்றியே நோய் தீர்க்கலாம் என்றார். 1886இல் வந்த அவருடைய நீர் மருத்துவ நூல் பல பதிப்புகள் கண்டது. குழாயும் வாளியும் இருந்தால் போதும், ஆடல் மண்டபம் தேவையில்லை என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். குளிப்பு இப்படித்தான் வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது முற்றாக வீட்டுக்குள் வந்துவிட்டது. குண்டுவீச்சில் நொறுங்கிய நாடு வேகமாக, மலிவாக, நெருக்கமாக வீடுகளைக் கட்டியது. ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு குளியலறை. கட்டடக்காரர்கள் அதை 'ஈரக் கூடு' என்று பொருள்படும் சொல்லால் அழைக்கிறார்கள். யன்னல் இல்லாத சிறிய அறை, ஒரு தொட்டி, உள்நோக்கித் திறக்கும் கதவு, உள்ளே தாழ்ப்பாள். முப்பது வயதுத் தம்பதிக்கு அது பெரிய வரம். கிழமைக்கு ஒருமுறை பொதுக் குளியல் கூடத்துக்குத் துவாயோடு போன தலைமுறைக்கு அது விடுதலையாகவும் இருந்தது. ரோமரின் மூன்றில் சூடு மட்டும் வீட்டுக்குள் வந்தது. இன்னொருவர் கையும் பேச்சுத்துணையும் கதவுக்கு வெளியே நின்றுவிட்டன. அந்த வீடுகளுக்குக் குடிவந்தவர்கள் முதுமையடைவார்கள் என்று வரைபடம் போட்டவர்கள் யோசிக்கவில்லை.

எங்கள் பக்கத்தையும் பார்ப்போம். யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் குளியலறை என்ற ஒன்றே இருக்கவில்லை. கிணற்றடிதான். ஒருவர் துலாவில் இறைக்க, மற்றவர் தோய்வார். என் அம்மம்மா பலகைக் கட்டையில் இருப்பார். எண்ணெய் தேய்ப்பது ஒரு பேத்தி, தேசிக்காயும் சீயாக்காயும் அவித்து வைப்பது ஒரு மருமகள், தண்ணீர் வார்ப்பது இன்னொருவர். கீரிமலையிலும் அப்படித்தான். கடலின் விளிம்பிலேயே நன்னீர் சுரக்கும் கேணி அது. கீரிமுகம் கொண்ட நகுல முனிவரும், குதிரைமுகம் கொண்ட மாருதப்புரவீகவல்லியும் அங்கே நீராடித் தங்கள் குறை தீர்ந்தார்கள் என்பது ஐதீகம். நீந்தத் தெரிந்தவர்கள் நடுவே குதிப்பார்கள். வயதானவர்கள் படியில் இருந்தபடி அள்ளி ஊற்றிக்கொள்வார்கள். அந்தப் படிக்கட்டுதான் அவர்களுடைய ஆசனம், கைபிடி எல்லாம்.

இலங்கையில் இதற்கு இன்னும் பழைய சான்று உண்டு. மிகிந்தலையில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மருத்துவமனையின் இடிபாடுகளில் ஒரு கல் தொட்டி கிடக்கிறது. நோயாளியை மூலிகை நீரிலோ எண்ணெயிலோ கிடத்துவதற்கான தொட்டி. அதன் உட்பள்ளத்தை மனித உடம்பின் வடிவத்திலேயே குடைந்திருக்கிறார்கள். தலைக்கு ஓர் இடம், தோளுக்கு ஓர் இடம். நோயாளி தொட்டிக்குத் தன்னைப் பழக்க வேண்டியதில்லை, தொட்டி அவருக்காகவே குடையப்பட்டது.

ஆயிரம் ஆண்டுக்குப் பின் அமெரிக்காவில் அலெக்சாண்டர் கிரா என்ற பேராசிரியர் இதையே ஆராய்ச்சியாகச் செய்தார். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1966இல் குளியலறை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மனித உடம்பு எப்படிக் குனிகிறது, எப்படி எழும்புகிறது, எதைப் பிடிக்கிறது என்று அளந்து பார்க்காமலே எல்லாக் குளியலறைகளையும் கட்டுகிறோம் என்பது அவர் கண்டது. நூல் பேசப்பட்டது. வீடுகள் மாறப் பல ஆண்டுகள் பிடித்தன.

இப்போது பானுக்குத் திரும்புகிறோம். ஏனென்றால் இந்தக் கதையின் அடுத்த திருப்பம் இங்கேதான் நடந்தது. 1994இல், நாடாளுமன்றம் இன்னும் பானில் இருந்தபோது, பராமரிப்புக் காப்புறுதிச் சட்டம் நிறைவேறியது. அதற்காக ஆண்டுக்கணக்காகப் போராடியவர் தொழில் அமைச்சர் நோர்பர்ட் ப்ளூம். முதுமையில் மற்றவரின் உதவி தேவைப்படுவது தனிமனிதரின் துரதிர்ஷ்டம் அல்ல, நோயைப் போலவும் வேலையின்மையைப் போலவும் எல்லோரும் சேர்ந்து தாங்க வேண்டிய ஒன்று என்று ஏற்றுக்கொண்ட சட்டம் அது. அதற்கு முன்னர், கையில் காசில்லாத முதியவர் சமூக உதவிப் பணத்துக்குக் கைநீட்ட வேண்டியிருந்தது.

அந்தச் சட்டத்தின் 40ஆம் பிரிவில் ஒரு சிறிய ஏற்பாடு இருக்கிறது. பராமரிப்புத் தேவைப்படுபவரின் வீட்டை அவருக்கேற்ப மாற்றக் காப்புறுதி பணம் தரும். தொடக்கத்தில் 5,000 மார்க். 2015இல் அது 4,000 யூரோ ஆனது. 2025 முதல் 4,180 யூரோ. இந்தப் பணத்தில் ஆடல் மண்டபம் கட்ட முடியாது. ஒரு குளியலறையை முழுதாக மாற்றக்கூடப் போதாது. ஆனால் தொட்டியை எடுத்துவிட்டுத் தரையோடு தரையாக ஷவர் போடுவதற்கு ஒரு நல்ல தொடக்கம். அஸ்குலாபியஸுக்குக் கல் எடுத்த அதே ஊரில், தேர்வரசர் ஊற்றைக் கட்டிய அதே ஊரில், வயதானவரின் குளிப்பு முதன்முறையாக உரிமையாக எழுதப்பட்டது. என் கணக்கில் பானின் குளியல் வரலாற்றில் பெரிய ஆண்டு 1790 அல்ல, 1994தான்.

ஆனால் உரிமையைப் பெற ஒரு வாசலைக் கடக்க வேண்டும். பராமரிப்புத் தரம் ஐந்து. முதல் தரமே இந்தப் பணத்துக்குப் போதும். தரத்தைத் தீர்மானிக்க ஒரு தாதி வீட்டுக்கு வந்து கேள்வி கேட்பார். எண்பதுகளில் அகதிகளாக வந்த எங்கள் தலைமுறை இப்போதுதான் இந்த வாசலுக்கு வருகிறது. அவர்களோடு அவர்களின் பெற்றோரும் வருகிறார்கள்.

தாதி வந்த அன்று அம்மா காலையிலேயே நல்ல சேலை உடுத்து, தேத்தண்ணி போட்டு, பலகாரமும் வைத்திருந்தார். மொழிபெயர்க்க நான் பக்கத்தில். தனியாகக் குளிப்பீர்களா என்று தாதி கேட்டார். அம்மா நிமிர்ந்து இருந்து, "ஏலும். எல்லாம் நானேதான் செய்யிறன்" என்றார். நான் என்ன மொழிபெயர்ப்பது? உண்மையைச் சொன்னால் அவருடைய மானம் போகும். அவர் சொன்னதைச் சொன்னால் குளியலறை போகும். சொன்னதை அப்படியே ஜேர்மனில் சொல்லிவிட்டு, தமிழில் அம்மாவிடம், "அம்மா, இவ உங்களை எங்கயும் கொண்டுபோக வரேல்லை. இந்த வீட்டிலயே இருக்க வைக்கத்தான் வந்திருக்கிறா" என்றேன். தாதிக்குத் தமிழ் தெரியாது. இருந்தும் ஏதோ விளங்கியிருக்க வேண்டும். கடைசியாக எப்போது தலை முழுகினீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். அம்மா தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "போன மாதம்" என்றார். அதை நான் மொழிபெயர்த்தேன். முதல் தரம் கிடைத்தது.

பெற்றோருக்காக இதே வாசலில் நிற்பவர்களுக்கு இரண்டு விடயம். விண்ணப்பத்தை வேலை தொடங்க முன்னரே கொடுத்துவிடுங்கள். வாடகை வீடு என்றால் உரிமையாளரின் சம்மதமும் வேண்டும். உடல் இயலாமைக்கான மாற்றத்துக்கு அதைக் கேட்கச் சட்டத்தில் இடமுண்டு.

ஜேர்மனியில் தடையற்ற வீட்டுக்கென்று ஒரு தர அளவு இருக்கிறது. ஷவர் இடம் குறைந்தது 120க்கு 120 சென்றிமீற்றர். கதவு உள்நோக்கித் திறக்கக் கூடாது. உள்ளே விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துவிடும். பூட்டு வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இந்த அளவுகளைப் படித்தபோது ஒன்று விளங்கியது. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் எங்கோ யாரோ விழுந்திருக்கிறார்கள்.

அம்மாவின் அறையில் தொட்டி போய்விட்டது. வெறுங்காலுக்கு வழுக்காத தரை ஓடு. சுவரில் மடித்து வைக்கும் ஆசனம். வெள்ளைச் சுவரில் கண்ணுக்குத் தெரியும்படி கடும் நீலத்தில் கைபிடிகள். தண்ணீர் 38 பாகைக்கு மேல் தானாகச் சூடேறாத குழாய். வயதான தோல் சூட்டைத் தாமதமாகத்தான் உணரும். துவாயைச் சூடாக்கும் கம்பி. கண்ணைக் கூசாத மஞ்சள் வெளிச்சம். வண்ணப் புத்தகத்தில் இருந்த மூங்கில், கூழாங்கல், மெழுகுவர்த்தி எதுவும் இல்லை. அம்மா கேட்டது ஒரு வாளிக்கும் செம்புக்கும் இடம். தலைக்கு மேலே ஷவர் இருக்க வாளி எதற்கு என்று வேலைக்கு வந்தவர் கேட்டார். "தண்ணி எப்ப வரும் எண்டு எனக்குத் தெரியவேணும்" என்றார் அம்மா. மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் குழாயை ஒரு சாண் கீழே இறக்கிப் பொருத்தினார்.

எண்ணெய்தான் பெரிய சிக்கலாக இருந்தது. நல்லெண்ணெய் ஒரு துளி விழுந்தால் எந்த ஓடும் வழுக்கும். எண்ணெய்க் குளிப்பை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே சனிக்கிழமைகளில் சமையலறையில் கதிரை போட்டு, கீழே பழைய துவாய் விரித்து, நானே தலையில் எண்ணெய் வைக்கிறேன். உள்ளங்காலைத் துடைத்து, றப்பர்ச் செருப்பைப் போட்டுவிட்டுத்தான் எழுப்புவேன். 56 வயதில் முதன்முறையாக என் தாயின் தலையைத் தொட்டேன். எவ்வளவு சிறிய தலை.

ரோமரின் மூன்றையும் மனதில் வைத்திருக்கச் சொன்னேன். சூட்டைக் காப்புறுதிப் பணம் கொண்டுவந்துவிட்டது. மற்ற இரண்டும் எந்தச் சட்டத்திலும் இல்லை, எந்தக் கடையிலும் இல்லை. தன்னந்தனியாகக் குளிக்கும் உரிமையைக் கடந்த நூற்றாண்டு எங்களுக்குத் தந்தது; அதை முதியவர்களிடமிருந்து பறிக்கக் கூடாது. ஆனால் கூப்பிட்ட குரலுக்குக் கேட்கும் தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும். வீட்டுக் குளியலறையை ஸ்பா ஆக்குவது என்றால், பயமில்லாமல் உடுப்பைக் களையக்கூடிய அறையாக அதை ஆக்குவது என்றுதான் நான் விளங்கிக்கொண்டேன்.

இப்போது அம்மா கதவைச் சாத்துவார், பூட்ட மாட்டார். நான் சமையலறையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பேன். உள்ளே செம்பு வாளியில் இடிக்கும் சத்தம் கேட்கும். சத்தம் நின்றால் "அம்மா?" என்பேன். "இருக்கிறன், இருக்கிறன்" என்பார். பிறகு தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்.